ஊரை வகுத்தலும் நோயைத் தடுத்தலும்

(தம்பலகாமத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வடிகானையும் கிணற்றையும் நுளம்பையும் காணித்துண்டையும் பற்றிப் பேசுதற்கு இம்மேடையில் இடமளித்த அறக்கட்டளையாளருக்கு முதற்கண் நன்றி கூறுகின்றேன். மனிதர் நோயின்றி வாழ்தற்குரிய இடத்தை ஆக்கிக்கொடுப்பதும் தர்மத்தின் பாற்பட்டதே என்னும் உறுதி உடையவர்களே இத்தகைய பொருளைக் கேட்க விரும்புவர். அவ்வுறுதியை நம்பியே நானும் பேசத் துணிகின்றேன்.

பொதுச் சுகாதாரமும் நகரத் திட்டமிடலும் இக்காலத்தில் வெவ்வேறு சாஸ்திரங்களாகவும் வெவ்வேறு உத்தியோகங்களாகவும் நிலவுகின்றன. ஒன்றனை வைத்தியம் பயின்றோர் நடத்துகின்றனர். மற்றதனைப் பொறியியலும் கட்டடக்கலையும் பயின்றோர் நடத்துகின்றனர். இருசாராரும் ஒரே ஜனங்களுக்காகவே உழைப்பினும், ஒருவர் மேசையிலுள்ள ஏட்டை மற்றவர் புரட்டிப் பார்க்கும் சந்தர்ப்பம் அரிதாகவே வாய்க்கின்றது. இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே. ஓர் ஊரவர் எந்நோயால் வருந்துவர், எந்நோயினின்றும் தப்புவர் என்பது, வைத்தியர் நாடிபிடித்துப் பார்ப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, அவ்வூரில் மழைநீர் எவ்வழி ஓடுகின்றது, வீடு மேட்டில் நிற்கின்றதா பள்ளத்தில் நிற்கின்றதா, கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே எத்தனை அடி தூரம், பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைக்கு நடந்துசெல்ல வழியுண்டா என்பன போன்ற காரியங்களாற் பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. ஆதலின் காய்ச்சலைக் கணக்கிடுபவரும் காணியை வகுப்பவரும் ஒருங்கே அமர்ந்து ஆலோசித்தாலன்றி ஆரோக்கியமான ஊர் அமையாது.

முன்னோர் வகுத்த ஊர்

இக்கருத்தை விளக்குதற்குத் தூரதேசம் செல்லவேண்டியதில்லை. கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்கால் வழியே இறங்கி, வயல் வயலாக நனைத்து, எஞ்சியது வடிந்து தம்பலகாமக் குடாவிற் கலந்து, அக்குடாவின் வழியே திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழ்கடலை அடைகின்றது. குளத்துக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இச்சரிவிலே, தாழ்ந்த நிலத்தை நெல்லுக்கு விட்டு, கள்ளிமேடு, பட்டிமேடு போன்ற உயர்ந்த நிலங்களிற் குடியிருப்பை வைத்து, போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தை இடித்த பின்னர்க் காக்கப்பெற்ற திருவுருவங்களைப் பிரதிஷ்டை செய்த ஆதி கோணநாயகர் கோயிலை ஊரின் நடுநாயகமாகக் கொண்டு வாழ்ந்தவர்கள், திட்டமிடல் என்னும் சாஸ்திரத்தைப் பயின்றவரல்லர்; எனினும் நீரின் குணத்தை அறிந்தவர்கள். பெருமழையில் நீர் எங்கே தேங்கும் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருந்தனர். தேங்கும் இடத்தில் வீடு கட்டுவதில்லை என்னும் ஒரு விதியே எத்தனையோ பிணிகளை வாசலுக்கு வெளியே நிறுத்தியது.

அவ்விதியின் பெறுமதியை இப்பிரதேசம் 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆந் திகதி கொடிய முறையிற் கற்றுக்கொண்டது. அன்று கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் வயல்களும் வெள்ளத்தோடு போயின. நீர்ப்பாசனப் பொறியியல் என்று நாம் ஒதுக்கிவைக்கும் காரியம் ஒரே நாளில் மக்களின் உயிர் பற்றிய காரியமாக மாறக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

ஆயினும் முன்னோர் வகுத்த ஊரைப் பூரணமானது என்று புகழ்ந்து அமைந்துவிடுதல் சத்தியத்துக்கு மாறாகும். மேட்டில் வாழ்ந்தவரையும் மலேரியாக் காய்ச்சல் விட்டுவைத்ததில்லை. உலர்வலயத்தின் குளங்கள் தூர்ந்து காடேறிக் கிடந்த நெடுங்காலத்தில் இக்காய்ச்சல் மக்களோடு கூடவே குடியிருந்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளிலோ ஈரவலயத்தில் மழை பொய்த்து, ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றித் துண்டுதுண்டான குட்டைகளாக நின்றபோது, அவற்றில் ஒருவகை அனோபிலிஸ் நுளம்பு அளவின்றிப் பெருகியமையால், ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட பெருங்கொள்ளைநோய் இலங்கையில் எழுந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில் வந்த டி.டி.ரி. என்னும் மருந்துத்தூள் வீடுகளுக்குத் தெளிக்கப்பட்டபின் நோய் விரைந்து குறைந்து, 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிட்டிவிட்டதென்று கண்காணிப்பைத் தளர்த்தியவுடன், அதே தசாப்தம் முடிவதற்குள் நோயாளர் தொகை இலட்சக்கணக்கில் மீண்டெழுந்தது.

அதன்பின் நெடுங்காலம் உழைத்து, ஒவ்வொரு நோயாளியின் வீட்டையும் தேடிச்சென்று, அயலவரின் இரத்தத்தைப் பரிசோதித்து, நுளம்பு பெருகும் இடத்தைக் கண்டு அழித்துவந்ததன் பயனாக, 2012ஆம் ஆண்டு ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டிலே தோன்றிய மலேரியா இல்லை என்றாயிற்று. 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அத்தாட்சிப்படுத்தியது. இவ்வெற்றியில் மருந்துக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு இடத்தை அறிந்த அறிவுக்கும் உண்டு. நம் மாவட்டத்தின் வடபால் கடலிற் சேரும் யான் ஓயா என்னும் ஆற்றை ஆராய்ந்த நீர் முகாமைத்துவ அறிஞர்கள், மேலேயுள்ள குளத்திலிருந்து உரிய காலத்தில் நீரைத் திறந்துவிட்டால் ஆற்றுக்குட்டைகளில் நுளம்பு பெருகுவதைத் தடுக்கலாம் என்று 1990களில் எடுத்துக்காட்டினர். மதகைத் திறப்பவரின் கையிலும் ஒரு மருந்து இருக்கின்றது என்பதே அதன் தாற்பரியம்.

ஒன்றாய்ப் பிறந்த இரு சாஸ்திரங்கள்

இவ்விரு சாஸ்திரங்களும் ஆதியிலேயே பிரிந்தனவா என்று வரலாற்றை நோக்கின், அவை ஒரே காலத்தில் ஒரே காரணத்தால் எழுந்தமை புலனாகும். 1842இல் எட்வின் சாட்விக் என்பார் இங்கிலாந்தின் உழைக்கும் மக்களது சுகாதார நிலையை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, ஏழைகளின் அகால மரணத்துக்கு அவர்கள் வாழ்ந்த தெருக்களின் அழுக்கையும் வடிகாலின்மையையும் நல்ல நீரின்மையையும் காரணமாகக் காட்டியது. அதன் விளைவாக 1848இற் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. 1854இல் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர், மரணங்களை வீதி வீதியாகக் குறித்துப் பார்த்து, அவற்றுட் பெரும்பாலானவை புறோட் வீதியிலிருந்த ஒரு நீர்க்குழாயைச் சூழ்ந்து நிற்றலைக் கண்டு, அக்குழாயின் கைபிடியைக் கழற்றுவித்தார். நோய் நூலாரும் நகர நூலாரும் இன்றுவரை தத்தமக்கு உரியதென்று போற்றும் தேசப்படங்களுள் அவர் வரைந்த படம் ஒன்று.

கீழைத் தேசங்களில் இவ்வுறவை நெருக்கியது பிளேக் என்னும் கொள்ளைநோய். 1896இற் பம்பாயில் அது பரவிய பின்னர், 1898இல் நகரைச் சீர்திருத்துதற்கென ஒரு பொறுப்பாளர் சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. 1914இல் அந்நோய் கொழும்பை அடைந்தது. அடுத்த ஆண்டே வீடமைப்பு, நகரச் சீர்திருத்தக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கமுடைய அச்சட்டம் தெருவின் அகலத்தையும் வீட்டின் பின்புறத்து வெளியையும் அறைக்குள் வரவேண்டிய காற்றையும் வெளிச்சத்தையும் வரையறுத்தமை, கட்டடத்தின் அழகை நோக்கியதன்று. மூச்சுவிடும் மனிதரின் உயிரை நோக்கியதாகும். இன்று வீடு கட்ட அனுமதி கோரும் ஒருவர் பிரதேச சபையில் நிரப்பிக்கொடுக்கும் விண்ணப்பத்துக்கு மூலம் அச்சட்டமே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

எனினும் சுகாதாரத்தின் பெயரால் நகரைச் சீர்திருத்தியோர் எல்லாரும் நன்மையே செய்தனர் என்று கூறலாகாது. பம்பாயில் நோயுற்ற தெருக்களை இடித்துத் தள்ளியோர், அங்கு வாழ்ந்த ஏழைகள் போய் எங்கே ஒதுங்குவர் என்பதை ஆலோசியாமையால், ஒரு தெருவின் நெருக்கம் மற்றொரு தெருவுக்கு இடம்பெயர்ந்தது. இக்குற்றத்தைத் தெளிவாகக் கண்டவர் பட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர். தாவரவியற் பேராசிரியராக இருந்து நகர நூலுக்கு வந்த அவர், 1914இற் சென்னைக்கு வந்து, தஞ்சாவூர், மதுரை முதலிய நகரங்களின் சந்துகளிற் கால்நடையாகத் திரிந்து ஆராய்ந்தார். அகன்ற நேர்த்தெருக்களுக்காக நல்ல வீடுகளை இடிக்கவேண்டா. பாழடைந்ததை மட்டும் அகற்றி, கிடைக்கும் சிறுவெளியில் மரம் நட்டு, வடிகாலைச் செப்பனிட்டாற் போதும் என்பது அவர் உபதேசம். மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க விழைந்தோரிடம், குளத்தைத் துப்புரவாக வைத்து மீனும் தாராவும் வளர்த்தால் அவை நுளம்பின் புழுக்களைத் தின்றுவிடும் என்று வாதாடிய அவர், இந்தூர் நகரில் தீபாவளி ஊர்வலத்தையே துப்புரவு விழாவாக்கி, ஜனங்கள் தாமே உவந்து தெருக்களைச் சுத்திசெய்யும்படி செய்தார். 1921இற் கொழும்பு நகரைப் பற்றியும் அறிக்கையொன்று எழுதினார். முதலில் இடத்தையும் மக்களையும் ஆராய்க, பின்னரே திட்டம் வரைக என்னும் அவருடைய ஒழுங்கு, நல்ல வைத்தியனின் ஒழுங்கேயாகும்.

இலங்கையிலே 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டதும் இவ்வுண்மையை ஏற்றதனாலேயே. நோயாளி ஆசுபத்திரியைத் தேடி வரும்வரை காத்திராது, எல்லை குறிக்கப்பட்ட ஒரு பிரதேசத்தை ஒரு சுகாதார வைத்திய அதிகாரியின் பொறுப்பில் விட்டு, அவருக்குத் துணையாகப் பரிசோதகர்களையும் மருத்துவ மாதர்களையும் வீடு வீடாக அனுப்பிய அம்முறை நாடெங்கும் பரவியது. தாயும் சேயும் பிழைக்கும் விஷயத்தில் இச்சிறு தேசம் உலகின் மதிப்பைப் பெற்றமைக்கு அஃது ஒரு பெருங்காரணம். ஆனால் அதன்பின் புதிய மருந்துகளும் பூச்சிகொல்லிகளும் வந்து, நோய் ஊசியால் தீரும், தெளிப்பால் ஒழியும் என்னும் நம்பிக்கை வளர, 1946இன் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டமும் 1978இன் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் திட்டமிடலுக்குத் தனிவழி வகுக்க, உடன்பிறந்த இரு சாஸ்திரங்களும் மெல்ல மெல்ல அயலாயின.

2017 கற்பித்த பாடம்

பிரிவினால் விளைந்த தீமையை 2017ஆம் ஆண்டு நம் கண்முன் நிறுத்தியது. மலேரியா அற்ற நாடென்று பாராட்டப்பெற்ற மறு ஆண்டிலேயே இலங்கை தன் வரலாற்றின் மிகப்பெரிய டெங்குக் கொள்ளைநோயைக் கண்டது. 186,000க்கு மேற்பட்டோர் நோயுற்றதாக அறிவிக்கப்பட்டது. 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அந்நோயின் கொடுமையை அனுபவித்த இடங்களுள் ஒன்று, குடாவுக்கு அப்பால் நம் அயலிலுள்ள கிண்ணியா. அங்கு இறந்த குழந்தைகளையும் தாய்மாரையும் நினைக்கும்போது, இதனை ஒரு சாஸ்திர விவாதமாக மட்டும் பேச என் மனம் ஒப்பவில்லை.

டெங்கு காட்டின் நோயன்று, வயலின் நோயுமன்று. மனிதர் நெருங்கிக் குடியிருக்கும் இடத்தில், மனிதர் சேமித்த நீரிலும் மனிதர் எறிந்த பொருளிலும் பெருகும் நுளம்பாற் பரவும் நோய் அது. குழாய்நீர் விட்டுவிட்டு வரும் இடத்தில் தாய்மார் வாளியிலும் தொட்டியிலும் நீரைச் சேர்த்துவைப்பர். அது அவர்கள் குற்றமாகுமா? வடிகான் இல்லாத ஒழுங்கையில் மழைநீர் நிற்கும். குப்பை வண்டி வராத தெருவிற் சிரட்டையும் யோகட் கோப்பையும் பழைய ரயரும் கிடக்கும். பாதி கட்டிவிட்ட கட்டடத்தின் மேற்றளத்தில் நீர் தேங்கும். குழாய் வந்தபின் கைவிடப்பட்ட கிணறு நுளம்பின் நிரந்தர வாசஸ்தலமாகும். இவற்றுள் எதனை வைத்தியர் குணப்படுத்துவார்? புகையடித்தல் பறக்கும் நுளம்பைச் சிலநாள் குறைக்கும். தேங்கிய நீர் அங்கேயே கிடக்கும். அதே ஆண்டு ஏப்ரல் 14ஆந் திகதி, புதுவருடத் தினத்தன்று, கொழும்பின் புறத்தே மீதொட்டமுல்லவில் மலைபோற் குவிக்கப்பட்ட குப்பைமேடு சரிந்து 32 உயிர்களைப் புதைத்தது. ஒரே ஆண்டில் நிகழ்ந்த இரு துயரங்களுக்கும் வேர் ஒன்றே: எதை எங்கே வைப்பது என்பதை மக்களின் உயிரோடு சேர்த்து ஆலோசியாமை.

இன்னுமோர் ஆபத்து வாசலில் நிற்கின்றது. தென்னிந்திய நகரங்களிற் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் பெருகி நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் நுளம்பு 2016ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. பழைய மலேரியா ஆற்றுக்குட்டையை நாடியது. இது வீட்டு முற்றத்தை நாடுவது. மலேரியாவை ஒழித்த நாடு அதனை மீள வரவிடாமற் காக்கவேண்டின், கிணறுகளுக்கு மூடியும் தொட்டிகளுக்கு வலையும் இடுவிக்கும் ஊராட்சியே இனி முதற் காவலாகவேண்டும்.

பத்துப் பேர்ச்சுக் காணியும் கிணறும்

இனி, தம்பலகாமம் எய்திவரும் மாற்றத்தைச் சிறிது நோக்குவோம். திருகோணமலை வீதியும் புகையிரதப் பாதையும் ஊடறுத்துச் செல்ல, ஒருபுறம் கந்தளாயும் மறுபுறம் சீனன்குடாவின் ஆலைகளும் விமானத்தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் துறைமுகமும் அமைந்திருக்க, 2009இல் திறக்கப்பட்ட பாலம் கிண்ணியாவைத் திருகோணமலையோடு இணைத்துவிட, இப்பிரதேசம் பெருநகரொன்றின் புறநகராக வளரும் காலம் அண்மித்துவிட்டது. யுத்தத்தால் இடம்பெயர்ந்து மீண்டவர்களும் புதிதாக வந்தவர்களுமாகத் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவின மக்களும் வீதியோரங்களில் வீடும் கடையும் அமைத்துவருகின்றனர். கிராமம் நகராகும் இச்சந்தியிலேதான் நன்மைக்கும் தீமைக்கும் வித்திடப்படுகின்றது. ஏனெனில் ஒருமுறை துண்டாடிய காணியையும் ஒருமுறை போட்ட தெருவையும் பின்னர் மாற்றுதல் அரிதினும் அரிது.

ஓர் எளிய கணக்கை உங்கள் முன் வைக்கின்றேன். ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி; ஆகவே பத்துப் பேர்ச்சுக் காணி ஏறத்தாழ 2,722 சதுர அடி. அது சதுரமாயின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 52 அடியாகும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடியேனும் இருத்தல் வேண்டுமென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் நெடுங்காலமாக வற்புறுத்தி வருகின்றனர். காணிக்காரர் நல்லவர், சட்டத்தை மதிப்பவர், தம் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வைத்துப் பரிசோதகரின் சம்மதத்தைப் பெறுகின்றார். அயற்காணிக்காரரும் அவ்வாறே நல்லவர். அவரும் தம் எல்லைக்குள் விதி தவறாமல் வைக்கின்றார். ஆனால் முதலாமவரின் கிணறும் இரண்டாமவரின் குழியும் வேலிக்கு இருபுறமும் பத்தடி தூரத்தில் நின்றால், இருவரும் விதியைக் காத்தும் நீர் கெடுகின்றது; மணற்றரையில் அது விரைந்தே கெடும். வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் வேலியை மதிப்பதில்லை. ஒரு காணியின் எல்லைக்குள் நின்று பார்க்கும் அனுமதியாற் காணமுடியாத இத்தீங்கை, பத்துக் காணிகளையும் ஒருசேரப் பார்த்து வகுக்கும் படம் ஒன்றே காணும். வரிசையின் ஒருபுறம் கிணறுகள், மறுபுறம் குழிகள் என்று துண்டாடும்போதே குறித்துவிட்டால், பின்னர் எவரும் எவரோடும் வழக்காடவேண்டியதில்லை. சுகாதாரத்துக்குத் திட்டமிடல் ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த நியாயத்தை நான் அறியேன்.

இக்கணக்கையே பெரியவற்றுக்கும் விரித்துக்கொள்ளலாம். பள்ளமான வயலை மண்ணிட்டு நிரப்பிக் கடைகட்டினால், அங்கே தங்கவேண்டிய மாரிவெள்ளம் வேறொருவர் வீட்டிற் புகும். வெள்ளம் வடிந்தபின் எலிக்காய்ச்சல் வரும். 2008ஆம் ஆண்டில் நாடெங்கும் 7,000க்கு மேற்பட்டோரைப் பீடித்த அந்நோய் வயலில் உழைப்போரையே பெரிதும் தாக்குவது. வயல்நிலத்தை அனுமதியின்றி நிரப்புவதைத் தடுக்கும் கமநல அபிவிருத்திச் சட்டம் 2000ஆம் ஆண்டுமுதல் இருக்கின்றது. அதனை நெல்லுக்கான சட்டமாக மட்டுமன்றி உடல்நலத்துக்கான சட்டமாகவும் நாம் வாசிக்கவேண்டும். கந்தளாய்க் குளத்து நீரே சுத்திகரிக்கப்பட்டுத் திருகோணமலைவரை குழாய்வழி செல்கின்றமையால், அக்குளத்தைச் சூழ்ந்த நிலத்தில் என்ன செய்கின்றோம் என்பது தொலைவிலுள்ள ஒரு நகரத்துக் குழந்தையின் குவளையைச் சென்றடைகின்றது.

பொதுக் கட்டடங்களின் இடத்தெரிவும் அத்தகையதே. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது கடலோரத்தில் நின்ற கிண்ணியா வைத்தியசாலை அழிந்தது. காயம்பட்டவர் நாடி ஓடவேண்டிய இடமே அந்நாளிற் காயம்பட்டவரின் இடமாயிற்று. அடுத்த ஆண்டு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டடம் கூடாது என்று விதித்தபோது, அவ்விதி மீனவரின் ஜீவனத்தோடு மோதியமையாற் பின்னர்த் தளர்த்தப்பட்டது. உயிரைக் காக்கும் தூரமும் தொழிலைக் காக்கும் கிட்டமும் ஆகிய இரண்டையும் அவ்விடத்து மக்களோடு இருந்து பேசியே வகுக்கவேண்டும் என்பது அதனால் நாம் பெற்ற படிப்பினை.

நடையும் நிழலும்

தொற்றுநோய்களைப் பற்றியே இதுவரை பேசினேன். ஆனால் நம் நாட்டில் இன்று நிகழும் மரணங்களுள் பத்தில் எட்டுக்குக் காரணம் இருதயநோய், நீரிழிவு, பாரிசவாதம், புற்றுநோய் முதலிய தொற்றா நோய்களே. இவற்றுக்கு வைத்தியர் கூறும் முதல் மருந்து நடை. நடக்கச் சொல்லுதல் எளிது, எங்கே நடப்பது? கனரக வாகனங்கள் விரையும் பெருவீதியின் ஓரத்தில் நடைபாதை இன்றி, கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதத்தில் நிழல் இன்றி, வேலைவிட்டு வரும் பெண்ணுக்கு இருட்டில் விளக்கின்றி இருக்கும் ஊரில், நடையை மருந்தாக எழுதிக்கொடுத்தல் கடையில் இல்லாத மருந்தை எழுதிக்கொடுப்பதற்கு ஒப்பாகும். வீதி விபத்துகளில் இந்நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் மடிகின்றனர். அவர்களிற் பலர் நடந்துசென்றவரும் சைக்கிளில் சென்றவரும் மோட்டார்சைக்கிளிற் சென்றவருமே.

நம்மூரிலோ இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. வாய்க்கால் வரம்புகள் இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில் மருதும் வேம்பும் புளியும் இருக்கின்றன. கோயிலடியையும் பள்ளிவாசலையும் பாடசாலையையும் சந்தையையும் சுகாதார நிலையத்தையும் பெருவீதியைத் தொடாமல் இணைக்கும் நிழல்வழிகளை அவ்வரம்புகளை அடியொற்றியே அமைக்கலாம். பிள்ளைகள் சைக்கிளிற் செல்வர். முதியோர் மாலையில் நடப்பர். மூவின மக்களும் ஒருவரையொருவர் முகம்பார்த்து வணங்கிச் செல்லும் வழியாகவும் அது அமையும். நெடுங்காலம் அச்சத்தில் வாழ்ந்த மக்களுக்கு மன ஆரோக்கியமும் வேண்டுமன்றோ?

செய்யவேண்டியது யாது?

இரு துறைகளையும் இணைத்தல் வேண்டுமென்று உலக அளவிற் பேசப்படாமல் இல்லை. 1986இல் ஒட்டாவா நகரிற் கூடிய மாநாடு, ஆரோக்கியம் வைத்தியசாலைக்கு வெளியே, மக்கள் வாழும் இடத்தில் ஆக்கப்படுவதென்று பிரகடனம் செய்தது. 2020இல் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் குடியிருப்புத் திட்டமும் சேர்ந்து, திட்டமிடலிற் சுகாதாரத்தைப் புகுத்தும் வழிகளை நூலாக வெளியிட்டன. நமக்கு அதனினும் அணுக்கமான ஆதாரம் ஒன்றுண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகிய மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்து, அவற்றின் நிர்வாகத்தையும் மக்களின் வசதியையும் நலத்தையும் பிரதேச சபையின் கடமையாக்குகின்றது. சட்டம் சேர்த்துவைத்ததை நடைமுறை பிரித்துவைத்திருக்கின்றது.

ஒரு நோயாளிக்கு டெங்கு எனக் கண்ட வைத்தியர் அதனைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கின்றார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவ்வீட்டுக்குச் சென்று பார்த்து எழுதுகின்றார். அவ்வெண்கள் வாரந்தோறும் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவைச் சென்றடைகின்றன. அத்துணைத் தூரம் செல்லும் செய்தி, அதே ஊரில் வடிகானுக்கு மதிப்பீடு போடும் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மேசைக்கும் செல்லவேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். பிரதேசத்தின் படமொன்றை விரித்து, ஐந்தாண்டுகளில் டெங்கும் எலிக்காய்ச்சலும் வயிற்றோட்டமும் வீதிவிபத்தும் நிகழ்ந்த இடங்களை, எவர் வீட்டின் பெயரையும் வெளியிடாமல், ஒழுங்கை ஒழுங்கையாகக் குறித்தால், அடுத்த ஆண்டு வரவுசெலவில் முதல் வடிகான் எங்கே என்னும் வினாவுக்கு அப்படமே விடைகூறும்.

இரண்டாவது, காணி துண்டாடப்படுமுன் அத்தொகுதி முழுவதற்கும் நீர் வடியும் வழி, கிணற்று வரிசை, குழி வரிசை, பொதுவெளி ஆகியன குறிக்கப்படல் வேண்டும். நில அளவையாளரின் படத்தைச் சபையின் திட்டமிடற் குழு பார்க்கும்போது சுகாதார வைத்திய அதிகாரியின் அபிப்பிராயம் வெறும் கையொப்பமாக இராது காரணத்தோடு எழுதப்படல் வேண்டும். மூன்றாவது, தெருவைக் கொங்கிறீற்று இடுமுன் வடிகானை வெட்டல் வேண்டும். உயர்த்திப் போட்ட தெரு வடிகானின்றிக் கிடந்தால் இருபுற வீடுகளும் குளமாகும் என்பதை எம்மில் அறியாதவர் இலர். நான்காவது, குழாய்நீர் வரும் இடங்களிற் கைவிடப்படும் கிணறுகளை மூடுதலோ மீன்விட்டுப் பேணுதலோ திட்டத்தின் ஓர் அங்கமாகவே கணக்கிடப்படல் வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒருங்கே ஆலோசிக்கும் சபை எது? புதிய ஸ்தாபனம் வேண்டா. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் விவசாய உத்தியோகத்தரும் பிரதேச செயலாளரும் வட்டைவிதானைமாரும் கமக்காரரும் கூடி, எப்போது நீர் திறப்பது, எப்போது விதைப்பது, எந்த வாய்க்காலை யார் துப்புரவாக்குவது என்று தீர்மானிக்கும் கூட்டம் நமக்குப் புதியதன்று. அங்கே நீருக்கொரு நாள், நெல்லுக்கொரு நாள் என்று எவரும் பிரித்துப் பேசுவதில்லை. அதே வழக்கில், வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், புரட்டாதி மாதத்தில், சுகாதார வைத்திய அதிகாரியும் பரிசோதகர்களும் சபையின் தலைவரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் நகர அபிவிருத்தி, வீதி அபிவிருத்தி, நீர் வழங்கல், நீர்ப்பாசனம் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் கிராம உத்தியோகத்தரும் குடும்பநல மாதரும் பெண்கள் சங்கங்களும் ஒரே நாளிற் கூடி, அப்படத்தை நடுவில் விரித்துத் தீர்மானிக்கவேண்டும். தீர்மானங்கள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டுச் சபை வாயிலில் ஒட்டப்படல் வேண்டும். அடுத்த புரட்டாதியில் அவற்றை வாசித்து, செய்தது எது, செய்யாதது எது என்று கேட்பதே கூட்டத்தின் முதற் காரியமாக இருத்தல் வேண்டும்.

மாணவர்களே, அந்தப் படத்தை வரையும் பணியை உங்களிடம் ஒப்படைக்கலாம் என்பது என் நம்பிக்கை. புவியியல் பயிலும் உங்களுக்கு அளவுத்திட்டம் தெரியும். ஒழுங்கைகளோ உங்கள் கால்களுக்கே தெரியும். எந்த மதகு அடைபட்டிருக்கின்றது, எந்தக் கிணறு பாழாய்க் கிடக்கின்றது, எந்தச் சந்தியில் வீதியைக் கடக்க அஞ்சுகின்றீர்கள் என்பவற்றைக் குறித்துப் பெரியோரிடம் கொடுங்கள். பெரியோர்களே, அவர்கள் கொடுப்பதை வாங்கிப் பெட்டியில் வையாது, சபையின் மேசையில் வையுங்கள். பெருநகரத் திட்டங்கள் வேறிடங்களில் வரையப்பட்டு நம்மை வந்தடையும் நாளில், எங்கள் நீர் இவ்வழி ஓடும், எங்கள் நோய் இவ்விடங்களில் எழுகின்றது, எங்கள் பிள்ளைகள் இவ்வழி நடப்பர் என்று எடுத்துக்காட்ட நம்மிடம் ஒரு படம் இருக்குமாயின், அத்திட்டங்களை வரைவோரும் அதனைப் பார்த்தே தீரவேண்டியிருக்கும். வருகின்ற மாரிக்கு முன்னரே இதனைத் தொடங்குங்கள் என்று இச்சபையைப் பணிவோடு வேண்டுகின்றேன்.